சிங்கப்பூர் துவாஸ் கம்பெனி சலுகைங்க ரிவ்யூ: பஸ்ஸு, கேன்டீனு, ஃப்ளெக்ஸி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), டின்னர் அண்ட் டான்ஸ் எல்லாத்துக்கும் மார்க் போட்டாச்சு

வேலை மாறலாம்னு இருக்கேன், புதுக் கம்பெனில பெனிஃபிட்ஸ் எல்லாம் சூப்பர்னு சொல்றாங்க, நம்பலாமான்னு யாராவது கேட்டா நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணுதான்: அது நைட் ஷிஃப்ட்ல நிக்கறவங்களுக்கும் கெடைக்குமா? கெடைக்கும்னா பேசலாம். பகல்ல ஏசி ரூம்ல உக்காந்திருக்கறவங்களுக்கு மட்டும்னா அது ஆபீஸ் அலங்காரம், போட்டோ புடிச்சு லிங்க்ட்இன்ல போட்டுக்கலாம் அவ்ளோதான். நான் ரெண்டு பக்கமும் வேலை பாத்தவ. முன்னாடி ஒன்-நார்த் பக்கம் ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸு, இப்போ துவாஸ்ல மெஷின் பாகம் செய்யற ஒரு ஃபேக்டரில பிளானிங் டிபார்ட்மென்ட். ரெண்டு கம்பெனி பேரையும் சொல்ல மாட்டேன், கேக்காதீங்க, சம்பளம் வாங்கற எடம்.

ரிவ்யூக்கு முன்னாடி ஒரு கணக்கு முடிச்சுக்கலாம். வேலைக்குச் சேர்ற அன்னைக்கு எச்ஆர்ல ஒரு ஸ்லைடு போடுவாங்க பாருங்க, எம்ப்ளாயி பெனிஃபிட்ஸ்னு பெரிய தலைப்பு, கீழ வரிசையா 11 நாள் பொது விடுமுறை, 14 நாள் எம்சி (டாக்டர் சீட்டு காட்டி எடுக்கற சிக் லீவு), ஆஸ்பத்திரில படுத்தா அதையும் சேத்து 60 நாள், மசேநிக்கு (மத்திய சேம நிதி, சிபிஎஃப்) கம்பெனி பங்கு 17 சதவீதம், அப்பாமாருக்கு 4 வாரம் பேறுகால லீவுன்னு போட்டு பக்கத்துல ஒரு கேக் படம், பலூன் படம். ஐயா, இதெல்லாம் சட்டம். நீங்க குடுக்கலேன்னா மனிதவள அமைச்சுலேர்ந்து லெட்டர் வரும். அப்பாமாரோட 4 வாரம் 2025 ஏப்ரல் 1லேர்ந்து எல்லாக் கம்பெனிக்கும் கட்டாயம், அந்தக் காசையும் அரசாங்கம்தான் திருப்பித் தருது. வருஷ லீவுக்கும் சட்டத்துல கீழ்க்கோடு இருக்கு, 3 மாசம் வேலை பாத்தாச்சுன்னா மொத வருஷம் 7 நாள், வருஷத்துக்கு ஒண்ணு ஒண்ணா ஏறி எட்டாவது வருஷத்துல 14. அதனால ஸ்லைட்ல இருக்கற சட்டத்தை எல்லாம் பேனாவால அடிச்சுட்டு மிச்சம் என்ன நிக்குதுன்னு பாருங்க, அதுதான் உங்க கம்பெனி கையை வுட்டுக் குடுக்கறது. என் பழைய ஆபீஸ் ஸ்லைட்ல அப்படி அடிச்சுப் பாத்தா மிஞ்சறது காப்பி மெஷினும் பீன் பேக்கும்தான்.

துவாஸ்ல நெறைய மிஞ்சுது. மொதல்ல பஸ்ஸு.

துவாஸ் எங்க இருக்குன்னு கெழக்குப் பக்கம் இருக்கறவங்களுக்குத் தெரியாது, பாசிர் ரிஸ்ல ஏறி எம்ஆர்டில தூங்கிட்டா கடைசில எழுப்பி எறக்கி விடற எடம்னு வச்சுக்கோங்க. துவாஸ் லிங்க் ஸ்டேஷனே 2017 ஜூன்லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி ஜூ கூனோட ரயில் முடிஞ்சுடும், மிச்சத்துக்கு பஸ்ஸ மாத்தி மாத்தி வரணும்னு பழைய ஆளுங்க இன்னும் சொல்லிப் புலம்புவாங்க. இப்பயும் ஸ்டேஷன்லேர்ந்து எங்க கேட்டு வரைக்கும் நடக்கறது காலைல பரவாயில்ல, மத்தியான ஷிஃப்டுக்கு அந்த ரோட்ல நெழலே கெடையாது, ஒரு பக்கம் கன்டெய்னர் லாரி, இன்னொரு பக்கம் வேலி. அதனால கம்பெனி பஸ்ஸுங்கறது எங்களுக்கு சொகுசு இல்ல, அது இல்லேன்னா பாதி பேர் வேலைக்கே வர மாட்டாங்க. பூன் லேலேர்ந்து ரெண்டு பஸ், உட்லண்ட்ஸ் ஈஷூன் பக்கம் ஒண்ணு, ஜொகூர்லேர்ந்து இரண்டாவது பாலம் வழியா வர்ற மலேசியா ஆளுங்களுக்குத் தனியா ஒண்ணு, அவங்க எல்லாம் நாலு மணிக்கே எந்திரிச்சு வர்றவங்க, பஸ்ல ஏறின ஒடனே எல்லாருக்கும் வாய் பொளந்துடும், டிரைவர் அங்கிள் லைட்டை அணைச்சுடுவாரு. எங்க பஸ்ல ஏசி கொஞ்சம் ஜாஸ்தி, சால்வை எடுத்துட்டுப் போறேன், கடைசி சீட்ல ஸ்பிரிங் குத்தும், அது தவிர ஒரு கொறை சொல்ல முடியாது. முக்கியமா நைட் ஷிஃப்டுக்கும் அதே பஸ், அதே ஸ்டாப், காசு கெடையாது. ஓவர்டைம் பாத்துட்டு லேட்டா வர்றவங்களுக்கும் ஒம்போதரைக்கு ஒரு வேன் இருக்கு.

ஆனா ஜன்னல் வழியா பாத்தா ஒண்ணு உறுத்தும். சிக்னல்ல நம்ம பஸ்ஸு நிக்கும்போது பக்கத்துல லாரி வந்து நிக்கும், பின்னாடி நம்ம ஊர்ப் பசங்களும் வங்காளதேசத்துப் பசங்களும் ஹெல்மெட்டை மடில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க, மேல தார்ப்பாய், பக்கத்துல கம்பி, மழை பேஞ்சா சைடுல அடிக்கும். ஆளுங்களை லாரில ஏத்திட்டுப் போறதை நிறுத்தணும்னு நாடாளுமன்றம் வரைக்கும் பேசியாச்சு, இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. எங்க பிளான்டுக்கு வர்ற கான்ட்ராக்டர் பசங்களும் அப்படித்தான் வந்துட்டு இருந்தாங்க, இப்போ பஸ்ல காலி சீட் இருந்தா அவங்களும் ஏறலாம்னு ஒரு சூப்பர்வைசர் பேசி வாங்கிக் குடுத்திருக்காரு, எழுத்துல இல்ல, வாய் வார்த்தைதான். எழுத்துல வர்ற வரைக்கும் பஸ்ஸுக்கு 5க்கு 4.5தான்.

கேன்டீனுக்கு வர்றேன், இதுக்காகத்தான் பாதி பேர் படிக்கறீங்கன்னு தெரியும். நாலு ஸ்டால், சீனச் சாப்பாடு ஒண்ணு, மலாய்ச் சாப்பாடு ஒண்ணு, நம்ம சாப்பாடு ஒண்ணு, டீ காப்பி விக்கற தண்ணி ஸ்டால் ஒண்ணு. ஸ்டாஃப் கார்டைத் தட்டினா கம்பெனி பாதிக் காசு போட்டுடும், நம்ம கையிலேர்ந்து போறது சோறு ரெண்டு காய் ஒரு கறிக்கு 2 வெள்ளி 50 காசு. இதே தட்டு வெளில கோப்பிக்கடைல என்ன விலைன்னு நான் சொல்ல வேண்டாம், 9 சதவீத ஜிஎஸ்டி வந்ததுக்கப்புறம் டோஸ்ட்டும் முட்டையும் சாப்டாலே மனசு கணக்குப் போடுது.

நம்ம ஸ்டால் நடத்தறது மன்னார்குடிப் பக்கத்து அண்ணனும் அவங்க சம்சாரமும். அக்காதான் கரண்டி. சாம்பார் இங்க நெறைய எடத்துல இனிச்சுக்கிட்டு தண்ணியா இருக்கும், இவங்களோடது பருப்பு மசிஞ்சு கெட்டியா வரும், முருங்கக்கா போட்ட அன்னைக்கு பதினொன்னே முக்காலுக்கே வாசனை ஸ்டோர் ரூம் வரைக்கும் வந்துடும். ரசத்தை சின்ன பிளாஸ்டிக் கப்புல ஊத்தி மூடி போட்டு அடுக்கி வச்சிருப்பாங்க, தொறந்தா மொளகு அடில நிக்கும், ஒரு குலுக்கு குலுக்கித்தான் குடிக்கணும். கோஸ் பொரியல்ல தேங்கா கஞ்சத்தனம் பண்ண மாட்டாங்க. அப்பளம் மட்டும் எப்பவும் நமுத்துப் போயிருக்கும், அதைப் பத்தி அக்காகிட்ட சொன்னேன், "ஏசில வச்சா என்னம்மா பண்றது, நீ பன்னண்டு மணிக்கு முன்னாடி வா"ன்னாங்க. வியாழக்கெழமை கோழி பிரியாணி, சீரகச் சம்பா இல்ல, பாஸ்மதிதான், ஆனா கோழித் துண்டு முழுசா இருக்கும், கத்திரிக்கா பச்சடியும் உண்டு, ப்ரொடக்‌ஷன்ல இருக்கற சீன அங்கிளுங்க எல்லாம் நம்ம க்யூல நிக்கறது அன்னைக்குத்தான். சாம்பார்ச் சோறு வாங்கிட்டு அதுக்கு மேல சீன ஸ்டால் சில்லி ஊத்திச் சாப்பிடற ஒரு அங்கிள் இருக்காரு, கண்ணால பாக்க முடியாது, ஆனா அவரு சந்தோஷமா இருக்காரு.

சுத்தம் நல்லா இருக்கு. தட்டு திருப்பி வைக்கற எடத்துல ஹலால் தட்டுக்குத் தனி ரேக்கு, மத்த தட்டுக்குத் தனி ரேக்கு, யாரும் மாத்தி வைக்கறதில்ல, வச்சா மக்சிக் (மலாய் ஆன்டி) ஒருத்தங்க பாத்துட்டே நிப்பாங்க. சைவத்துக்குத் தனிக் கரண்டி கேட்டேன், ரெண்டு நாள்ல மாத்திட்டாங்க.

இப்போ கொறை. ராத்திரி பதினோரு மணிக்கு மேல அந்த நாலு ஷட்டரும் மூடியிருக்கும். நைட் ஷிஃப்டுக்கு வென்டிங் மெஷின்ல வர்ற டப்பாச் சோறு, மைக்ரோவேவ்ல மூணு நிமிஷம், வெளில கொதிக்கும் நடுவுல ஜில்லுன்னு இருக்கும். அதுவும் தள்ளுபடில இல்ல, முழு விலை. அதே கம்பெனி, அதே கார்டு, வேலை மட்டும் இன்னும் கஷ்டமான வேலை, சாப்பாடு மட்டும் ரெண்டு மடங்கு காசு. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டற அண்ணன் ஒருத்தரு வீட்லேர்ந்து மூணு அடுக்கு கேரியர் கட்டிக்கிட்டு வருவாரு, அதுல பாதி மத்தவங்களுக்குத்தான் போகும். கம்பெனி வெல்ஃபேர் கமிட்டில நானும் இருக்கேன், போன மீட்டிங்ல இதைத்தான் பேசினேன், அக்கா ராத்திரிக்குன்னு முப்பது பொட்டலம் கட்டி வச்சுட்டுப் போறேன்னு சொல்றாங்க, எவ்ளோ நேரம் வெளில வைக்கலாம்னு சேஃப்டி ஆளுங்க கணக்குப் பாத்துட்டு இருக்காங்க. பகல் கேன்டீனுக்கு 5, ராத்திரிக்கு 1.5, கூட்டி வகுக்க எனக்கு மனசில்ல, ரெண்டையும் தனித்தனியாவே வச்சுக்கோங்க.

கேன்டீன்ல இன்னொரு கதை, மைலோ (சாக்லேட் மால்ட் பானம்) மெஷின். தண்ணி ஸ்டால் பக்கத்துல ஃப்ரீ மைலோ வர்ற மெஷின் ஒண்ணு இருந்துச்சு, பட்டனை அமுக்கினா சூடா வரும், ஐஸும் போட்டுக்கலாம். செலவைக் கொறைக்கறோம்னு ஒரு நாள் தூக்கிட்டாங்க. போனஸ் கம்மியான வருஷம்கூட யாரும் வாயத் தொறக்கல, மைலோக்கு ஒரு பிளான்டே கொதிச்சுப் போச்சு, நோட்டீஸ் போர்டுல யாரோ பச்சை மார்க்கர்ல டப்பாப் படம் வரைஞ்சு செத்தவங்களுக்குப் போடற மாதிரி ஆர்ஐபின்னு எழுதிட்டாங்க. இதுல சிரிக்க ஒண்ணுமில்ல, டென்மார்க்ல கார்ல்ஸ்பெர்க் கம்பெனில ஆளுங்க வேலை நேரத்துல பீர் குடிச்சுக்கலாம்னு ரொம்ப காலமா வழக்கம், 2010ல மதியச் சாப்பாட்டு நேரத்துல மட்டும்தான்னு கம்பெனி சட்டம் போட்டுச்சு, நூத்துக்கணக்குல ஆளுங்க ஸ்ட்ரைக் பண்ணிட்டாங்க. குடுக்காமலே இருந்திருந்தா ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான், குடுத்துட்டுப் புடுங்கினா சம்பளத்துல கை வச்ச மாதிரி எரியும். எங்க மெஷின் ஆறு வாரத்துல திரும்பி வந்துடுச்சு, இப்போ சக்கரை கம்மி ரகம், அதுக்கும் கொஞ்ச பேர் மூஞ்சியத் தூக்கிட்டு இருக்காங்க.

பழைய ஆபீஸ் சாப்பாட்டைப் பத்தியும் சொல்லிடறேன், ஒப்பிட்டாத்தான் புரியும். அங்க காப்பி போட்டுத் தர தனியா ஒரு ஆளே உண்டு, ஓட் மில்க், ஆல்மண்ட் மில்க், பழக்கூடை, வெள்ளிக்கெழமை சாயங்காலம் பீட்சா. ராத்திரிச் சாப்பாடும் ஃப்ரீதான், ஆனா ஏழரைக்குத்தான் வரும். பத்து மணிக்கு மேல கெளம்பினா டாக்சிக் காசும் உண்டு. புதுசா சேந்த பசங்களுக்கு இது சொர்க்கமாத் தெரியும், எனக்கு வீட்ல புள்ள இருக்கான், ஏழரைக்கு வர்ற சோறு எனக்கு எதுக்கு? ஆறு மணிக்குப் பைய மாட்டினா "என்னக்கா, சாப்டலையா"ன்னு கேப்பாங்க, அந்தக் கேள்விக்குள்ள வேற ஒண்ணு இருக்கும். இதை நான் மட்டும் சொல்லல, 2022ல ஃபேஸ்புக் கம்பெனி அவங்க அமெரிக்கா ஆபீஸ்ல ஃப்ரீ டின்னரை ஆறு மணிலேர்ந்து ஆறரைக்குத் தள்ளினப்போ அங்க இருந்தவங்க கொதிச்சதே அதுக்குத்தான், கடைசி பஸ் ஆறு மணிக்குக் கெளம்பிடும், டின்னர் வேணும்னா பஸ் இல்ல, பஸ் வேணும்னா டின்னர் இல்ல. அதே சமயத்துலதான் ஃப்ரீயா துணி தொவைச்சுக் குடுக்கறதையும் நிறுத்தினாங்க. துணியே தொவைச்சுக் குடுத்திருக்காங்கன்னா பாத்துக்கோங்க, ஆளை வீட்டுக்கே விடறதில்லன்னு அர்த்தம்.

கிளினிக் கார்டு. பேனல் கிளினிக் (கம்பெனியோட ஒப்பந்தம் இருக்கற கிளினிக்) நெறைய இருக்கு, ஜூரோங் வெஸ்ட்ல எங்க பிளாக்குக்குக் கீழயே ஒண்ணு, போன்ல க்யூஆர் காட்டினா நாம 5 வெள்ளி குடுத்தாப் போதும், மருந்து எல்லாம் சேத்து. ஒர்க் பெர்மிட் ஆளுங்களுக்கும் அதே கார்டுன்னு சொன்னாங்க, கேட்டுப் பாத்தேன், உண்மைதான், ஆனா அவங்க தங்கற டார்மிட்டரி பக்கத்துல பேனல் கிளினிக் இல்ல, பஸ் ஏறித்தான் போகணும். திங்கக்கெழமை காலைல போயிடாதீங்க, எம்சி வாங்க வந்த கூட்டம் லிஃப்ட் வரைக்கும் நிக்கும். பல்லுக்கு வருஷத்துக்கு ஒரு தொகை, கிளீனிங்குக்கு சரியா இருக்கும், ரூட் கேனாலுக்கு பத்தாது. ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் நல்லாவே இருக்கு, ஆனா அதை நம்பி சொந்த பாலிசியை விட்டுடாதீங்க. வேலைய விட்ட அன்னைக்கே கம்பெனி இன்சூரன்ஸும் போயிடும், அப்போ சக்கரை பிரஷர் எல்லாம் வந்திருந்தா புதுசா வாங்கறது கஷ்டம். அரசாங்கத்தோட மெடிஷீல்டு லைஃப் இன்சூரன்ஸ் 2015 நவம்பர்லேர்ந்து எல்லாக் குடிமக்களுக்கும் பிஆருக்கும் (நிரந்தரவாசிங்க) இருக்கு, ஏற்கனவே வியாதி இருந்தாலும் உண்டு, ஆனா அது சி, பி2 கிளாஸ் வார்டைக் கணக்குப் பண்ணிப் போட்டது. அப்பா அம்மாவைக் கம்பெனித் திட்டத்துல சேக்க முடியுமான்னு வருஷா வருஷம் கேக்கறோம், காசு குடுக்கறோம்னுகூடச் சொல்லியாச்சு, வருஷா வருஷம் அதே பதில்தான். 5க்கு 3.5.

ஃப்ளெக்ஸி வெள்ளி. வருஷத்துக்கு 600 வெள்ளி, ஆப்புல ரசீதைப் போட்டோ புடிச்சு ஏத்தினா சம்பளத்தோட வந்துடும், கண்ணாடி, ஜிம், விட்டமின், புள்ளைங்க நீச்சல் கிளாஸ் எல்லாத்துக்கும் ஆகும், டிசம்பர் 31க்குள்ள செலவு பண்ணலேன்னா காணாமப் போயிடும். கேக்க நல்லா இருக்குல்ல, ஆனா அந்த ஆப்பு இருக்கே. ரசீது கொஞ்சம் மங்கலா இருந்தா ரிஜெக்ட், ஏன்னு காரணம் போடாது, "டாக்குமென்ட் இன்வேலிட்"னு செவப்புல வரும். எங்க டிபார்ட்மென்ட் தம்பி ஒருத்தன் முஸ்தஃபா கடைல விட்டமின் வாங்கினான், கூடவே உளுத்தம்பருப்பு, தேங்கா எண்ணெ, ரெண்டு பனியன், ரசீது அவன் கை நீளத்துக்கு இருந்துச்சு, எல்லாம் ஒரே பில்லு. ஆப்பு ரிஜெக்ட் பண்ணிருச்சு, எச்ஆர் பொண்ணு உக்காந்து விட்டமின் வரியை ஹைலைட்டர்ல கோடு போட்டுக் குடுத்து மறுபடியும் ஏத்தினாங்க, பனியனுக்கும் சேத்து காசு வந்துடுச்சு. டிசம்பர் கடைசி வாரம் பூன் லே பக்கம் கண்ணாடிக் கடைல எங்க கம்பெனி ஆளுங்களாத்தான் இருப்பாங்க, பார்வை நல்லா இருக்கறவனும் கூலிங் கிளாஸ் பாத்துட்டு நிப்பான். ஆப்பு இங்கிலீஷ்ல மட்டும்தான், அதனால லைன்ல வேலை பாக்கற சீன ஆன்டிங்க, நம்ம ஊர்ப் பசங்க நெறைய பேர் பாதிக் காசைத் தொடறதே இல்ல. அந்த மிஞ்சின காசு எங்க போகுதுன்னு கமிட்டில கேட்டேன், நோட் பண்ணிக்கிட்டாங்க. காசுக்கு 4, ஆப்புக்கு 1.

லீவு விஷயத்துல ஒண்ணே ஒண்ணு சொல்லணும். தைப்பூசம் இங்க பொது விடுமுறை இல்லன்னு புதுசா வர்றவங்களுக்கு ஆச்சரியமா இருக்கும். முன்னாடி இருந்துச்சு, 1968ல பொது விடுமுறைய 16லேர்ந்து 11ஆக் கொறைச்சப்போ போயிடுச்சு. அதனால சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் காவடி தூக்கறவங்க எல்லாம் லீவு போட்டுத்தான் தூக்கணும். எங்க கம்பெனில ரெண்டு நாள் "ஃபேஸ்டிவ் லீவு"ன்னு தனியா குடுக்கறாங்க, யாரு எந்தப் பண்டிகைக்கு வேணும்னாலும் எடுத்துக்கலாம், காரணம் எழுத வேண்டாம். நான் ஒண்ணு தைப்பூசத்துக்கு, ஒண்ணு பொங்கலுக்கு. என் பக்கத்து சீட் பிலிப்பினோப் பொண்ணு ரெண்டையும் கிறிஸ்மஸோட ஒட்டிப் போட்டு ஊருக்குப் போயிடுவா. லைன்ல இருக்கறவங்களும் எடுக்கலாம், ரோஸ்டர் போடறதுக்கு முன்னாடி சொன்னாப் போதும். செலவே இல்லாத சலுகை, இதுவரைக்கும் நான் பாத்ததுல சிறந்தது இதுதான், முழுசா 5. தீபாவளிக்கு ஒரு ஹேம்பரும் உண்டு, பண்டிகைப் பரிசு 200 வெள்ளியத் தாண்டலேன்னா வரி கெடையாதுங்கறதால எல்லாக் கம்பெனியும் அதுக்குள்ளயே நின்னுக்கும், எங்களோடது அதுல கால்வாசிகூட இருக்காது, முறுக்கு நல்லா இருந்துச்சு.

வீட்லேர்ந்து வேலை பாக்கறது ஃபேக்டரில எங்களுக்குப் பெருசா ஆகாது, மெஷினை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக முடியுமா. ஆனா 2024 டிசம்பர் 1லேர்ந்து வந்த நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டு வழிகாட்டி முறைல வேலை நேரத்தை மாத்திக் கேக்கறதும் சேரும், எழுதிக் குடுத்தா ரெண்டு மாசத்துக்குள்ள கம்பெனி எழுத்துல பதில் சொல்லணும். நான் எட்டரைக்கு பதிலா ஏழரைக்கு வந்து முன்னாடியே கெளம்பறதுக்குக் கேட்டு வாங்கினேன், பையன் ஸ்டூடன்ட் கேர்லேர்ந்து வர்ற நேரத்துக்கு வீட்ல இருக்கலாம். கேக்காம இருக்கறவங்க கேளுங்க.

டின்னர் அண்ட் டான்ஸ் இல்லாம சிங்கப்பூர் கம்பெனி ரிவ்யூ முடியுமா. ஹோட்டல் பால்ரூம், வட்ட மேசை, எம்சி கத்திக்கிட்டே இருப்பாரு, இந்த எம்சி வேற எம்சி, மைக் புடிக்கறவரு. போன வருஷத் தீம் பாலிவுட். அறிவிச்ச நிமிஷத்துலேர்ந்து ஆபீஸ்ல இருக்கற எல்லாரும் என்னைப் பாத்து "நீ ஆடுவல்ல?"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க, நான் தமிழ்ப் பொண்ணும்மா, எனக்கும் அந்த ஹிந்திப் பாட்டு யூடியூப்ல பாத்துத்தான் தெரியும்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. கடைசில சேலை கட்ட வராத பதினஞ்சு பேருக்கு லேடீஸ் டாய்லெட்ல நின்னு பின்னு குத்தி விட்டேன், எச்ஆர் டைரக்டரம்மாவுக்கும் சேத்து. சாப்பாடு எட்டு கோர்ஸ் சீன விருந்து, சைவக்காரங்களுக்குத் தனித் தட்டு, எட்டு கோர்ஸும் காளான், டோஃபு, திரும்பக் காளான், நடுவுல ஒரு புரோக்கலி. இந்தியன் வெஜிடேரியன்னு ஃபார்ம்ல டிக் பண்ணியும் அதுதான் வந்துச்சு. முடிச்சுட்டு நாலு பேரு தேக்கால (லிட்டில் இந்தியா) எறங்கி தோசை சாப்டுட்டு வீட்டுக்குப் போனோம்.

லக்கி டிராதான் எரிச்சல். மொத பரிசு பெரிய டிவி, ரெண்டாவது டைசன், எல்லாரு நம்பரும் பெட்டில இருக்கும், ஆனா ஆள் அந்த எடத்துல இருந்தாத்தான் பரிசுன்னு ரூலு. அன்னைக்கு ராத்திரி லைன் ஓடிட்டுத்தான் இருக்கு, அங்க நிக்கறவங்க எப்படி வருவாங்க? மூணு நம்பர் அப்படிப் போச்சு, கூப்டாங்க, ஆள் இல்ல, அடுத்த நம்பர். டேபிள்ல இருந்தவங்க கைதட்டறாங்க வேற. இதுக்கு 5க்கு 2, அந்த ரெண்டும் பொண்ணுங்க ஆட்டத்துக்காக.

போனஸைப் பத்தி நிறைய பேர் கேப்பீங்க. 13ஆவது மாசச் சம்பளம் உண்டு, கான்ட்ராக்ட்ல எழுதியிருக்கு, எழுதாட்டி கம்பெனி குடுத்தே ஆகணும்னு சட்டம் இல்ல, அதனால சேரும்போதே அந்த வரி இருக்கான்னு பாத்துக்கோங்க. மத்தபடி 2024ல எஸ்ஐஏ (சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்) ஆளுங்களுக்குக் கிட்டத்தட்ட 8 மாசச் சம்பளம் போனஸ்னு நியூஸ் வந்தப்போ எங்க வாட்சப் குரூப்ல ஒரு மணி நேரம் யாரும் பேசல.

கடைசியா கார்ப்பரேட் பாஸ். மண்டாய் ஜூவுக்கு ரெண்டு பாஸ் எச்ஆர்ல இருக்கு, பேரு எழுதிட்டு எடுத்துட்டுப் போகலாம், ஒரு பாஸுக்கு நாலு பேரு. முன்னாடி ஜூரோங் பறவைப் பூங்கா இருந்தப்போ எங்க வெஸ்ட் ஆளுங்களுக்கு வீட்டுப் பக்கத்துலயே, இப்போ அது 2023 ஜனவரில மூடிட்டு மே மாசம் மண்டாய்ல பேர்ட் பேரடைஸ்னு தொறந்துட்டாங்க, ஜூரோங் வெஸ்ட்லேர்ந்து போக அரை நாள் ஆகும், ஆனா எடம் பெருசு, பையனுக்குப் புடிச்சிருந்துச்சு. இதுலயும் ஒரு கொறை இருந்துச்சு, கிளீனிங் ஆன்டிங்களும் கேட்ல நிக்கற செக்யூரிட்டி அங்கிளுங்களும் ஏஜென்சி ஆளுங்க, அதனால அவங்களுக்குப் பாஸ் கெடையாதுன்னு இருந்துச்சு. நாலு வருஷமா எங்க மாடியத் தொடைக்கற ஆன்டி, பேரனைக் கூட்டிட்டுப் போகணும்னு கேட்டப்போ எச்ஆர் பொண்ணு முழிச்சா. கமிட்டில பேசி இந்த ஜனவரிலேர்ந்து பில்டிங்ல வேலை பாக்கற யாரு வேணும்னாலும் எடுக்கலாம்னு மாத்தியாச்சு, கேன்டீன் பாதி விலையும் அவங்களுக்கு உண்டு, இது எழுத்துலயே இருக்கு. அதனால இப்போ பாஸுக்கு க்யூ ஜாஸ்தி. மார்ச், ஜூன் ஸ்கூல் லீவுக்கு வேணும்னா ஒரு மாசம் முன்னாடியே பேரு குடுத்துடுங்க, சனி ஞாயிறு ஒடனே போயிடும். நவம்பர் கடைசி சனிக்கெழமைக்கு மட்டும் யாரும் கேக்காதீங்க, ஆன்டி பேரு எழுதியாச்சு.